பணிப்பதிவேட்டைக் கணினிக்குக் கொண்டுபோவது எப்படி: ஒரு கல்லூரி அலுவலகத்திலிருந்து முழு வழிகாட்டி

எங்கள் கல்லூரி நூலக உதவியாளர் ஒருவர் பணிநிறைவு பெற வேண்டிய நாள் 2024 ஜூன் 30. கணினி காட்டிய நாள் ஜூலை 31. ஓய்வூதியம் கேட்டு அனுப்பும் கருத்துருவுக்காக, அவருடைய பணி வரலாறு முழுவதும் எழுதப்பட்ட பழைய பணிப்பதிவேட்டை அலமாரியிலிருந்து இறக்கிப் புரட்டியபோதுதான் வேறுபாடு தெரிந்தது. அவருடைய பிறந்த தேதி 7-6-1964. சில ஆண்டுகளுக்கு முன் வெளியாட்களை வைத்து அவசரமாகத் தட்டச்சு செய்தபோது, கணினி மாதத்தை முதலில் படித்து அதை ஜூலை 6 ஆக்கிவிட்டது. பதிவேட்டில் எண்ணுக்குக் கீழேயே, நீல மையில், அழகான சாய்ந்த கையெழுத்தில் "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நான்காம் ஆண்டு ஜூன் திங்கள் ஏழாம் நாள்" என்று எழுத்தாலும் எழுதியிருந்தது. அந்தக் கால எழுத்தர் எதற்காக எழுத்தால் எழுதினாரோ, அதே தவறை எண்ணை மட்டும் பார்த்த நாங்கள் செய்து முடித்திருந்தோம்.

அதன் பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தோம். ஒன்றரை ஆண்டு ஆயிற்று. டெல்டாவில் காவிரிக் கரையோரம் இருக்கும் ஓர் அரசு உதவிபெறும் கல்லூரியின் அலுவலகக் கண்காணிப்பாளன் நான். கணினிப் பொறியாளன் அல்லன். இந்த வேலையில் கணினியின் பங்கு கால் பங்குதான் என்பது என் அனுபவம். மீதி முக்கால் பங்கு, ஒன்றோடொன்று சண்டையிடும் காகிதங்களுக்கு நடுவே பஞ்சாயத்துச் செய்வது. அதைச் செய்யாமல் தட்டச்சுக்குப் போனால் பழைய குழப்பம் வேகமான குழப்பமாகும், அவ்வளவுதான்.

அரசு அலுவலகங்களில் ஊழியர் விவரத்துக்கும் சம்பளத்துக்கும் களஞ்சியம் என்ற இணையதளம் இருக்கிறது, பள்ளிகளின் விவரங்களுக்கு எமிஸ் என்ற தளம் இருக்கிறது, பிறகு நாம் ஏன் தனியாகச் செய்ய வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தத் தளங்கள் நாம் கொடுப்பதை வாங்கிக்கொள்கின்றன. கொடுப்பது சரியா என்று பார்க்க வேண்டிய இடம் நம் பதிவறை. உள்ளூரில் சரிபார்த்த ஒரு மூலப்பதிவு இருந்தால் எந்தத் தளம் எந்த வடிவத்தில் கேட்டாலும் அரை நாளில் கொடுத்துவிடலாம்.

முதல் வேலை: அலமாரியைத் திறப்பது

கணினியை இன்னும் தொடாதீர்கள். ஒரு நீள நோட்டு, ஒரு பென்சில், மூக்குக்கு ஒரு துணி. இவை போதும்.

ஊழியர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பணிப்பதிவேடு எத்தனை தொகுதி, தன்விவரக் கோப்பு எங்கே இருக்கிறது, நியமன ஆணை உண்டா, பணியில் சேர்ந்த அறிக்கை உண்டா, தகுதிகாண் பருவம் முடித்த ஆணை உண்டா, கல்விச் சான்றுகளுக்கு உண்மைத்தன்மைச் சான்று பெறப்பட்டதா, ஊழியர் இறந்தால் பணம் யாருக்குச் சேர வேண்டும் என்று எழுதித் தரும் வாரிசு நியமனப் படிவம் இருக்கிறதா, விடுப்புக் கணக்கு எந்த ஆண்டு வரை எழுதப்பட்டிருக்கிறது, ஆண்டுதோறும் சம்பளப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பணி சரிபார்த்த குறிப்பு எந்த ஆண்டோடு நிற்கிறது என்பதை எழுதிக்கொள்ளுங்கள். இல்லாதவற்றின் பட்டியல்தான் உங்கள் உண்மையான வேலைத்திட்டம்.

எங்களிடம் 87 பதிவேடுகள். அவற்றில் மூன்று, இருக்க வேண்டிய இடத்தில் ஒழுங்காக இல்லை. ஒன்று தணிக்கைக்காக எடுத்துப் போனபோது வேறு கட்டோடு கட்டப்பட்டிருந்தது. இன்னொன்று முன்னாள் முதல்வரின் மேசை இழுப்பறையில் இருந்தது. மூன்றாவது ஓர் ஆசிரியையுடையது, அதைக் கரையான் தின்றிருந்தது. அட்டை முழுதாக இருந்தது, திறந்தால் உள்ளே மண். பல ஊழியர்கள் தங்கள் பணிப்பதிவேட்டின் நகல் ஒன்றைச் சொந்தமாக வைத்திருப்பார்கள். அந்த ஆசிரியையும் வைத்திருந்தார். அதை அடிப்படையாகக் கொண்டு, சம்பளப் பட்டியல்களோடு ஆண்டுவாரியாக ஒப்பிட்டு, உரிய அலுவலரின் ஒப்புதலோடு புதிய பதிவேடு தயாரித்தோம். அந்த ஒருவருக்கு மட்டும் இரண்டு மாதம்.

காலத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டத்தையும் அடுத்த கட்டமான ஸ்கேனையும் மாசியில் தொடங்கி வைகாசிக்குள் முடியுங்கள். ஐப்பசியில் தொடங்கினால் வடகிழக்குப் பருவமழையில் காகிதம் நமுத்து, பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பக்கத்தைப் பிரிக்கும்போது மை அடுத்த பக்கத்தோடு போய்விடும். தஞ்சை சரசுவதி மகாலில் சுவடிகளுக்கிடையே வசம்பு முதலிய மருந்துச் சரக்குகளைச் சிறு துணியில் முடிந்து வைக்கும் வழக்கம் உண்டு. நாங்களும் அலமாரியில் வசம்பு வைத்தோம். பூச்சி குறைந்தது, கரையானுக்கு அது போதாது. அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, கால்களுக்கு அடியில் கல் வைத்து உயர்த்தியதுதான் பலன் தந்தது.

ஸ்கேன்: வெற்றுப் பக்கத்தையும் விடாதீர்கள்

தட்டச்சுக்கு முன்பே ஸ்கேன் செய்ய வேண்டும். தட்டச்சு செய்பவர் படத்தைப் பார்த்து அடிக்கட்டும். மூலப் பதிவேடு அலமாரிக்குத் திரும்பட்டும். ஒரே பதிவேடு நாலு கை மாறினால் ஐந்தாவது கையில் ஒரு பக்கம் காணாமற்போகும்.

தைத்த பதிவேட்டைப் பிரிக்கவே கூடாது. கவிழ்த்து வைக்கும் சாதாரண ஸ்கேனர் முதுகுத்தண்டை உடைத்துவிடும். மேலிருந்து படம் பிடிக்கும் கேமரா ஸ்கேனர் வாங்குங்கள். அங்குலத்துக்கு 300 புள்ளி, வண்ணத்தில். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் பச்சை மைக் கையொப்பமும் சிவப்பு மைத் தணிக்கைக் குறிப்பும் ஒரே நிறமாகி, யார் எழுதியது என்பது தெரியாமற்போகும். மூலப்படிகளை நீண்டகாலக் காப்புக்கென்றே வகுக்கப்பட்ட பிடிஎஃப்-ஏ வடிவத்தில் வையுங்கள்.

வெற்றுப் பக்கங்களையும் எடுங்கள். "எதற்கு வீணாக?" என்று எங்கள் இளநிலை உதவியாளரும் கேட்டார். பின்னாளில் ஒருவர் "இந்தப் பக்கத்தில் எனக்கு ஊக்க ஊதியம் எழுதியிருந்தது, யாரோ கிழித்துவிட்டார்கள்" என்று சொல்வாரானால், அன்றைய தேதியில் அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தது என்பதற்கு அந்தப் படம்தான் சாட்சி.

கோப்புப் பெயர் எண்களால் மட்டும் இருக்கட்டும்: ஊழியர் எண், தொகுதி எண், பக்க எண். 0047-1-023 என்றால் 47ஆம் எண்காரரின் முதல் தொகுதி, 23ஆம் பக்கம். ஊழியர் பெயரைக் கோப்புக்கு வைத்தால் என்ன ஆகும் என்பதை அடுத்துப் பார்க்கலாம். படத்திலிருந்து எழுத்தைத் தானாகப் படிக்கும் மென்பொருள்கள் அச்செழுத்தை ஓரளவு படிக்கின்றன. 1980களின் கையெழுத்தை அவற்றிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது.

ஆளுக்கு ஓர் எண்

ஆயிரம் ஆண்டுக்கு முன் நம் ஊரில் ஒருவர் இந்த வேலையைக் கல்லில் செய்திருக்கிறார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இராசராசன் அமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயில் பணிக்கு வந்த ஆடல் மகளிர், நானூறு பேரின் பட்டியல் இருக்கிறது. எந்தத் தளிச்சேரி (அவர்கள் குடியிருந்த தெரு), எந்தச் சிறகு (வீட்டு வரிசை), எத்தனையாவது வீடு, எந்தக் கோயிலிலிருந்து வந்தவர், பெயர் என்ன, எத்தனை பங்கு என்று ஒவ்வொருவருக்கும் எழுதியிருக்கிறது. ஒரு பங்கு என்பது ஆண்டுக்கு நூறு கலம் நெல். ஒருவர் இறந்துபோனாலோ வேறிடம் போனாலோ அந்தப் பங்கு யாருக்குச் சேரும் என்ற விதியும் உண்டு. பணியிடம், மாறுதல், ஊதியம், வாரிசு என்று இன்று நாம் கேட்கும் விவரங்களில் பாதி அங்கேயே இருக்கின்றன.

பெயர்கள் எல்லாம் நக்கன் என்றே தொடங்குகின்றன. ஒரே பெயர் திரும்பத் திரும்பவும் வருகிறது. ஆனாலும் குழப்பம் இல்லை, ஏனென்றால் ஆளை அடையாளம் காட்டுவது சிறகும் வீட்டு எண்ணும்.

எங்கள் பட்டியலில் கே. இராஜேந்திரன் மூன்று பேர். ஒருவர் ஆர். சுப்பிரமணியன், இன்னொருவர் ஆர். சுப்ரமணியன், இருவரும் ஒரே துறை. எனவே பணியில் சேர்ந்த வரிசையில் நாலு இலக்க எண் கொடுத்தோம். அந்த எண்ணுக்குள் துறை, பதவி, ஆண்டு எதையும் புகுத்தாதீர்கள். பதவி மாறும், துறை பிரியும். எண் மாறக் கூடாது. ஓய்வு பெற்றவரின் எண்ணைப் புதியவருக்கும் கொடுக்கக் கூடாது. ஆதாரை இந்த இடத்தில் பயன்படுத்தலாமே என்று எங்கள் ஆட்சிக்குழுவில் ஒருவர் சொன்னார். எல்லாக் கோப்பின் முதுகிலும் ஒருவரின் ஆதார் எண்ணை எழுதி வைப்பது, வீட்டுச் சாவியை வாசற்படியிலேயே தொங்கவிடுவதைப் போன்றது.

பெயர்: கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு

இந்தப் பகுதியில் கொஞ்சம் நின்று போக வேண்டும். தமிழ்நாட்டு அலுவலகங்கள் பல ஆண்டுகள் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தன. அந்தக் கோப்புகளைத் திறந்தால் எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளின் குவியல்தான் தெரியும். முதலில் அவற்றை ஒருங்குறிக்கு, அதாவது யூனிகோடுக்கு, மாற்றுங்கள். மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பின் ஒவ்வொரு பெயரையும் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

அதோடு தீராது. சௌந்தரராஜன் என்ற பெயரில் இரண்டாவது எழுத்தாகத் தெரியும் வடிவம் ஔகாரக் குறியாகவும் இருக்கலாம்; "செ" போட்டுப் பக்கத்தில் "ள" அடித்ததாகவும் இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு அவர்கள் இரண்டு ஆட்கள். ஸ்ரீதரனும் அப்படித்தான்: "ஸ்ரீ" என்ற வடிவத்துக்கு ஒருங்குறியில் இரண்டு வழி உண்டு, தேடினால் ஒருவர் கிடைப்பார், மற்றவர் மறைந்துவிடுவார். "கொ", "கோ" போன்றவற்றில் கொம்பையும் காலையும் தனித்தனியாக அடித்தாலும் இதே கதை. எங்கள் சம்பளப் பட்டியலில் ஒரு ஸ்ரீநிவாசன் இரண்டு மாதம் வராமல் போனதற்குக் காரணம் அதுதான். அவர் சண்டைக்கு வந்தார். நியாயம் அவர் பக்கம்.

இதற்கு மருந்து மூன்று. எல்லாரும் ஒரே விசைப்பலகை முறையில் அடிக்க வேண்டும். நாங்கள் தமிழ்99 வைத்துக்கொண்டோம். கணினித் துறை மாணவர் யாரையாவது கேட்டு, ஒருங்குறிச் சீராக்கம் செய்யும் சிறு நிரலை ஓட விடுங்கள். கொம்பும் காலும் பிரிந்த சிக்கல் அதில் தீரும். சௌ, ஸ்ரீ இரண்டும் அதில் தீராது, அவற்றைப் பட்டியல் போட்டுத் தேடி மாற்றத்தான் வேண்டும். மூன்றாவது, எந்தக் கணக்கும் பெயரை வைத்து ஓடக் கூடாது, எண்ணை வைத்தே ஓட வேண்டும்.

பெயருக்கு ஒரு கட்டம் போதாது. பள்ளிச் சான்றில் உள்ளபடி ஒன்று, அரசிதழில் பெயர் மாற்றியிருந்தால் அது தேதியோடு ஒன்று, வங்கிக் கணக்கிலும் வருமான வரி அட்டையிலும் உள்ளபடி ஆங்கில எழுத்துக் கூட்டலுக்கு ஒன்று. முன்னெழுத்தைப் பெயருக்கு முன்னும் பின்னும் மாற்றி மாற்றி எழுதுவது நம் வழக்கம். அதைத் தனிக் கட்டமாகப் பிரித்துவிடுங்கள். திருமணத்துக்குப் பின் முன்னெழுத்து மாறிய ஆசிரியைகளின் கோப்பில்தான் ஓய்வூதிய நேரத்தில் அதிகத் தடை வருகிறது.

பிறந்த ஊரும் இப்படித்தான். மாயூரத்தில் பிறந்த ஒருவரின் பதிவேட்டில் "மாயூரம், தஞ்சாவூர் மாவட்டம்" என்றிருக்கும். 1991இல் நாகப்பட்டினம் மாவட்டம் பிரிந்த பிறகு வாங்கிய சான்றில் "மயிலாடுதுறை, நாகப்பட்டினம் மாவட்டம்". 2020இல் மயிலாடுதுறையே மாவட்டமானது. திருவாரூர்க்காரருக்கு 1997இல் ஒரு மாற்றம். தட்டச்சு செய்தவர் இவற்றைப் பிழையென்று நினைத்து "திருத்த"ப் பார்ப்பார். எல்லாம் அந்தந்த நாளில் சரியே. ஆவணத்தில் உள்ளபடி ஒரு கட்டம், இன்றைய மாவட்டம் ஒரு கட்டம் என்று வைத்தால் வழக்கு முடிந்தது.

தேதிகள்

நாள், மாதம், ஆண்டு மூன்றையும் தனித்தனிக் கட்டத்தில் தட்டச்சு செய்ய வையுங்கள். சேர்ப்பதைக் கணினி செய்யட்டும். ஆண்டு நாலு இலக்கத்தில்தான் வர வேண்டும். எக்செலில் இரண்டு இலக்கம் அடித்தால் பல கணினிகளில் 00 முதல் 29 வரை 2000களாகவும், 30 முதல் 99 வரை 1900களாகவும் அது எடுத்துக்கொள்ளும். 1928இல் பிறந்த குடும்ப ஓய்வூதியர் ஒருவர் இன்னும் பிறக்காதவராகிவிடுவார்.

பணியில் சேர்ந்த தேதியோடு மு.ப. அல்லது பி.ப. கட்டாயம். பிற்பகலில் சேர்ந்தவருக்கு ஊதியம் மறுநாளிலிருந்துதான் கணக்கு. விடுவிப்பும் அப்படியே. இந்த இரண்டு எழுத்தை விட்டுவிட்டதால் ஓர் ஊழியருக்கு இரண்டு கல்லூரிகளுக்கு இடையே ஒரு நாள் பணிமுறிவு விழுந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பணிநிறைவு நாளைக் கணக்கிட ஒரு சூத்திரம் சொல்கிறேன். ஒருவர் பிறந்த மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு பெறுகிறார். ஆனால் முதல் தேதியில் பிறந்தவர் முந்தைய மாதத்தின் கடைசி நாளிலேயே போய்விடுவார். எனவே பிறந்த தேதியில் ஒரு நாளைக் கழியுங்கள், 720 மாதம் கூட்டுங்கள், கிடைக்கும் மாதத்தின் கடைசி நாளை எடுங்கள். 1-6-1966இல் பிறந்தவருக்கு 31-5-2026 வரும். 2-6-1966இல் பிறந்தவருக்கு 30-6-2026. பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியரே ஜூன் முதல் தேதியைப் போட்டுவிட்ட தலைமுறை இன்னும் பணியில் இருப்பதால், இந்த ஒரு நாள் பலரைத் தொடும்.

720 என்ற எண்ணைச் சூத்திரத்துக்குள் புதைக்காதீர்கள். தமிழ்நாட்டில் ஓய்வு வயது 2020இல் 58இலிருந்து 59 ஆனது, 2021இல் 60 ஆனது. அலுவலக உதவியாளர் போன்ற அடிப்படைப் பணியாளர்களுக்கு முன்பிருந்தே 60தான். மகப்பேறு விடுப்பும் 2021 ஜூலையில் 9 மாதத்திலிருந்து 12 மாதமானது. விதிகளை "எந்தப் பிரிவுக்கு, எந்த நாள் முதல், எவ்வளவு" என்று தனி அட்டவணையில் வைத்து, சூத்திரம் அங்கிருந்து எடுத்துக்கொள்ளட்டும். ஆசிரியருக்குக் கல்வியாண்டு முடிவு வரை கிடைக்கும் மறுநியமனத்தைப் பணிநிறைவு நாளோடு கலக்காமல் வேறு கட்டத்தில் எழுதுங்கள்.

பிறந்த தேதி தவறு என்று ஊழியர் சொன்னால் கணினியில் மாற்ற உங்களுக்கு அதிகாரம் இல்லை. பணியில் சேர்ந்த ஐந்து ஆண்டுக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும் என்பது விதி. பதிவேட்டில் உள்ளதை அப்படியே ஏற்றுங்கள்.

அட்டவணைகளின் அமைப்பு

ஆளுக்கு ஒரு வரி, நூறு பத்தி என்று ஒரே பெரிய தாளாக எல்லாரும் தொடங்குகிறார்கள். நாங்களும் தொடங்கினோம். இரண்டாவது பதவி உயர்வு பெற்றவருக்கு இடமில்லை. அவருக்காகப் பத்தி சேர்த்தால் மூன்றாவது உயர்வு பெற்றவர் வந்து நிற்பார்.

மாறாத விவரங்களுக்கு ஓர் அட்டவணை: எண், பெயர், பிறந்த தேதி, பாலினம் போன்றவை. மற்ற எல்லாம் நிகழ்வுகள். ஒவ்வொரு நிகழ்வும் ஒரு வரி. மாதிரிக்கு ஒன்று:

0047 / 12-08-1991 / பி.ப. / பணியில் சேர்தல் / இளநிலை உதவியாளர் / ந.க.எண் 314/91 / ஆணை நாள் 05-08-1991 / படம் 0047-1-009

நியமனம், தகுதிகாண் பருவம், ஆண்டு ஊதிய உயர்வு, தேர்வுநிலை, சிறப்புநிலை, ஊதிய நிர்ணயம், மாறுதல், தண்டனை, மறுநியமனம் எல்லாமே இதே வடிவத்தில் அடுக்கிக்கொண்டே போகும். பதிவேட்டை மேலிருந்து கீழே படிப்பதுபோலவே இருக்கும் என்பதால் பழைய எழுத்தர்களுக்கும் இது உடனே பிடிபட்டது. ஆணை எண்ணும் பட எண்ணும் இல்லாத வரியைக் கணினி ஏற்கக் கூடாது. இந்த ஒரு கட்டுப்பாட்டால் எங்கள் வேலை இரண்டு மடங்கு மெதுவானது. அதைத் தளர்த்தச் சொல்லி என்னிடம் கேட்காதவர் இல்லை, நான் தளர்த்தவில்லை.

தவறு வந்தால் அழித்து எழுதக் கூடாது. காகிதத்தில் தவறை ஒரு கோடு போட்டு அடித்து, மேலே சரியானதை எழுதி, சுருக்கொப்பம் இடுவோம் அல்லவா? அதையேதான் இங்கும். பழைய வரி "அடிக்கப்பட்டது" என்ற குறியோடு அப்படியே இருக்கும். புதிய வரி, யார், எந்த நாளில், ஏன் என்ற குறிப்போடு சேரும்.

ஆண்டு ஊதிய உயர்வு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் விழுவதால், மேலே சொன்ன ஆகஸ்டுக்காரருக்கு ஜூலை 1. இதைக் கணினி முன்கூட்டியே பட்டியலிட்டு நினைவூட்டலாம். ஆனால் தானாக உயர்த்தக் கூடாது. ஊதியமில்லா விடுப்பு குறுக்கே வந்திருந்தால் நாள் தள்ளிப்போகும், அதை ஆள் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஓய்வூதியத் திட்டத்துக்கும் இதுவே. 1-4-2003 அன்றோ அதற்குப் பிறகோ சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டார்கள் என்பதால் தேதியை வைத்துப் பிரித்துவிடலாம் என்று தோன்றும். முன்பு வேறு நிறுவனத்தில் பணிபுரிந்து வந்தவர் ஒருவர் போதும், அந்தப் பிரிப்பு பிசகுவதற்கு. ஆணையைப் பார்த்துக் கையால் எழுதுங்கள்.

மென்பொருளைப் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. ஐம்பது பேருக்குள் என்றால் பூட்டப்பட்ட விரிதாள்களே போதும். அதற்கு மேல் மரியாடிபி, போஸ்ட்கிரெஸ் போன்ற கட்டற்ற தரவுத்தளத்துக்குப் போகலாம். வெளி நிறுவனத்திடம் கொடுத்தால் இரண்டு நிபந்தனைகள்: எல்லாத் தரவையும் எப்போது வேண்டுமானாலும் எளிய உரைக்கோப்பாக நாமே இறக்கிக்கொள்ள முடிய வேண்டும், நிர்வாகக் கடவுச்சொல் முத்திரையிட்ட உறையில் முதல்வரின் பெட்டகத்தில் இருக்க வேண்டும். விரிதாளில் ஆதார், வங்கிக் கணக்கு எண் கட்டங்களை முதலிலேயே "உரை" என்று வகைப்படுத்துங்கள். இல்லையேல் முன்னால் உள்ள சுழி விழுந்துவிடும். 15 இலக்கத்துக்கு மேற்பட்ட எண்ணின் கடைசி இலக்கங்கள் சுழியாகிவிடும்.

விடுப்புக் கணக்கு

அதிகச் சண்டை வரும் இடம். பள்ளி ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு 17 நாள் ஈட்டிய விடுப்பு, கோடை விடுமுறை இல்லாத அலுவலகப் பணியாளர்களுக்கு 30 நாள், சேர்த்துவைக்கும் உச்சவரம்பு 240. விதி எளிது. ஆனால் 1994இல் எடுத்த மருத்துவ விடுப்பு கணக்கில் கழிக்கப்படவில்லை, 2003இல் விடுப்பைக் கொடுத்துப் பணமாக வாங்கிய ஒப்படைப்பு இரண்டு முறை கழிக்கப்பட்டிருக்கிறது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கதை இருக்கும். 2020இல் ஒப்படைப்பு நிறுத்தப்பட்ட பிறகு பலர் உச்சவரம்பில் போய் முட்டி நின்றார்கள்; அந்த ஆண்டுகளில் கணக்கை எழுதாமலேயே விட்ட அலுவலகங்கள் உண்டு.

எல்லாருக்கும் முதல் நாளிலிருந்து மறுகணக்குப் போட ஆசைப்படாதீர்கள். ஒரு நாளை வெட்டுநாளாக வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஜனவரி 1 வைத்தோம். அன்று ஒவ்வொருவரின் இருப்பையும் பதிவேட்டிலிருந்து எடுத்து, ஊழியரும் முதல்வரும் கையொப்பமிட்டதைத் தொடக்க இருப்பாக ஏற்றுங்கள். அதற்குப் பின் கணினி கணக்கிடட்டும். ஐந்து ஆண்டுக்குள் ஓய்வு பெறப்போகிறவர்களுக்கு மட்டும் பின்னோக்கி முழுக் கணக்கும் பாருங்கள். தற்செயல் விடுப்பை இந்த அமைப்புக்குள் கொண்டுவராமல் வருகைப் பதிவேட்டோடு விட்டுவிடலாம். ஆண்டு முடிந்தால் அதன் ஆயுளும் முடிந்தது.

தட்டச்சும் ஒப்பிடலும்

ஒருவர் படிக்க, ஒருவர் அடிப்பது பழைய முறை. வேகமானது, ஆனால் காதில் விழுந்த தவறு இருவருக்கும் பொதுவாகிவிடும். பிறந்த தேதி, சேர்ந்த தேதி, அடிப்படை ஊதியம், கணக்கு எண்கள் இவற்றை மட்டும் இருவர் தனித்தனியே, படத்தைப் பார்த்து அடிக்கட்டும். இரண்டையும் கணினியே ஒப்பிட்டு வேறுபாட்டைக் காட்டட்டும்.

அதன் பின் ஒவ்வொருவருக்கும் அவரவர் விவரத்தை அச்சிட்டுக் கொடுத்து, 15 நாள் அவகாசத்தில் திருத்தத்தைப் பென்சிலால் குறித்துக் கையொப்பமிட்டுத் தரச் சொல்லுங்கள். திருத்தத்துக்கு ஆவணம் இணைக்க வேண்டும் என்பதை அந்தத் தாளின் தலைப்பிலேயே அச்சிட்டுவிடுங்கள். எங்கள் தோட்டப் பணியாளர் தன் தாளை இரண்டு வாரமாகத் திருப்பித் தரவில்லை. கேட்டதற்கு, "ஐயா, முப்பது வருடமாக என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று இப்போதுதான் பார்க்கிறேன். பெண் வரட்டும், படித்துக் காட்டச் சொல்கிறேன்" என்றார். அவர் மகள் படித்துப் பார்த்து, வாரிசு நியமனத்தில் இறந்துபோன பாட்டியின் பெயரே இன்னும் இருப்பதைக் கண்டுபிடித்தாள். எங்கள் மூன்று எழுத்தர்களும் அதைத் தாண்டிப் போயிருந்தோம். அதற்குப் பிறகு எல்லாருடைய வாரிசு நியமனத்தையும் புதிதாக வாங்கினோம்.

யார் எதைப் பார்க்கலாம்

சம்பள எழுத்தருக்கு ஊதியமும் வங்கிக் கணக்கும் போதும். மருத்துவச் சான்றில் உள்ள நோயின் பெயர் அவருக்கு எதற்கு? சாதிச் சான்று, மருத்துவ ஆவணம், ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பு மூன்றும் தனிப் பூட்டில். 2023இன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இது வெறும் நாகரிகம் சார்ந்த கேள்வி அன்று. ஒரே கடவுச்சொல்லை மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவைத்து அலுவலகமே பயன்படுத்தும் வழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள். ஊழியர் விவரத் தாளை அவசரத்துக்கு வாட்ஸ்அப் குழுவில் போடுவதையும்.

காப்பு நகல்

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது டெல்டாவின் பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. அதை மனதில் வைத்துத்தான் இந்த ஏற்பாட்டைச் செய்ய வேண்டும். மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியூரில். அலுவலகக் கணினியில் ஒன்று. மாடியில் உள்ள வேறோர் அறையின் இரும்புப் பெட்டகத்தில் வன்தட்டு ஒன்று, தரைத்தளம் கூடாது. மூன்றாவது, கடவுச்சொல் இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி பூட்டுக்குறியிட்டு, மேகக் கணிமையிலோ திருச்சி போன்ற வேறு ஊரில் உள்ள சகோதர நிறுவனத்திலோ. ஒரே தெருவில் இரண்டு நகல் வைப்பது ஒரே வெள்ளத்தில் இரண்டையும் விடுவதற்குச் சமம். யுபிஎஸ் இல்லாமல் தரவுத்தளக் கணினியை ஓட்டாதீர்கள்.

காகிதத்தை என்ன செய்வது

ஆறு மாதம் காகிதத்திலும் கணினியிலும் சேர்த்தே எழுதுங்கள். மாத இறுதியில் யாராவது ஐந்து பேரின் எண்ணைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். எங்களுக்கு நான்காவது மாதம் வரை ஏதோ ஒன்று இடித்துக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகும் பணிப்பதிவேட்டைத் தூக்கிப் போட முடியாது. ஓய்வூதியக் கருத்துருவோடு மூலப் பதிவேடு போக வேண்டும், அலுவலரின் கையொப்பம் அதில்தான் இருக்கிறது.

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் கடைசி வாரத்தில், மழைக்கு முன், எங்கள் அலுவலகத்தில் ஒரு சடங்கு உண்டு. மாடிப் பெட்டகத்திலிருந்து வன்தட்டை எடுத்து வந்து, இதுவரை அந்தத் தரவைப் பார்த்திராத வேறொரு கணினியில் முழுவதையும் மீட்டெடுக்கிறோம். மீண்டதும் 0047ஐத் திறந்து, படம் 0047-1-009 தெரிகிறதா என்று பார்க்கிறோம். சென்ற ஆண்டு தெரியவில்லை: எழுத்து விவரங்கள் எல்லாம் வந்தன, படங்கள் இருந்த கோப்புறையை நகல் எடுக்கும் பட்டியலில் சேர்க்க மறந்திருந்தோம். அன்று மாலையே சேர்த்து, மறுநாள் மீண்டும் முதலிலிருந்து மீட்டுப் பார்த்தோம்.